துவக்கில் இருந்த கரி

எங்கள் துரையின் ஆபீஸ் அறையில், மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு பழைய துவக்கு தொங்கியது. தோட்டா போட்டுச் சுடுகிற துவக்கு அல்ல. வாய் வழியாக வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்து, தீக்கல்லை உரசவிட்டுச் சுடுகிறது. துரையின் பாட்டனுக்குப் பாட்டன் இங்கிலாந்தில் பறவை சுட்ட துவக்கு என்று சொல்வார்கள். அதில் துரை பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றை நான் கழுவி ஊற்றிவிட்டேன். அதற்காக யாரும் என்னை அடிக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் சம்சாரத்தைத் தவிர யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது நான் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் இரண்டாம் வேலைக்காரனாக இருந்தேன். வயது இருபத்தாறு. கல்யாணமாகி இரண்டு வருடம். முதல் வேலைக்காரர் ஒரு சிங்களவர். அப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சாப்பாட்டு மேசை, துரையின் உடுப்பு, வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர் பொறுப்பு. விளக்குத் துடைப்பது, சப்பாத்துத் துலக்குவது, குளிக்க வெந்நீர் தூக்குவது என்னுடையவை. எனக்கு அது பொருந்தியது. வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. துரை முன்னால் போய் நின்றால் எனக்குத் தெரிந்த சொல்லும் மறந்துவிடும். துரை என்ன, கங்காணி ஏதாவது கேட்டாலே நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

துரைக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் செய்யவில்லை. அவரும் அதிகம் பேசமாட்டார். இரண்டு ஊமைகளை வைத்துக்கொண்டு மாரடிக்கிறேன் என்று அப்பு சொல்வார்.

அப்படி இருந்த பங்களாவுக்குத் துரையின் தம்பி வந்து சேர்ந்தார். இருபது வயதுதான். தேயிலை வேலை பழக அனுப்பியிருந்தார்கள். தம்பித்துரை என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். வேலை பழகினாரோ இல்லையோ, தமிழ் பழகினார். அதுவும் தலைகீழாகப் பழகினார். பெரிய கங்காணியை "நீ இங்க வா" என்பார். கொழுந்துக் கூடை சுமக்கிற இளம் பெண்களை "நீங்க வாங்க" என்று தொப்பியைக் கழற்றுவார். மலையே சிரிக்கும். கங்காணி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு நிற்பார்.

வந்த இரண்டாம் மாதமே அவர் கண் அந்தத் துவக்கின் மேல் விழுந்தது. துரை வேண்டாம் என்றார். அது சுவரில் இருக்கிற சாமான், சுடுகிற சாமான் இல்லை என்றாராம். அப்பு எனக்கு அதைச் சொல்லிக் கொண்டிருக்கும்போதே தம்பித்துரை நாற்காலி மேல் ஏறி அதைக் கழற்றிக்கொண்டு போனார். துரை பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

துவக்குக்கு ஒரு பெட்டியும் இருந்தது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அறை வகுத்திருந்தார்கள். மருந்து வைக்கப் பித்தளைக் குடுவை. அதன் மூக்கில் ஒரு விசை. அதை அமுக்கினால் ஒரு வெடிக்கு வேண்டிய மருந்து மட்டும் அளவாக விழும். குண்டுக்குத் தோல்பை. தோல் துண்டுகளில் சுற்றிய தீக்கற்கள். குழலின் பக்கத்துத் துளையில் அடைப்பு எடுக்க ஒரு ஊசி, கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு பிரஷ். சணல் சுற்றிக் குழலைத் துடைக்கிற கோல். எண்ணெய்க் குப்பி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தம்பித்துரை என்னைப் பிடித்துக்கொண்டார். நான் மறுபேச்சுப் பேசமாட்டேன் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

தேயிலைக்கு மேலே காடு. அங்கே காட்டுக்கோழி உண்டு. தம்பித்துரை விசையை இழுப்பார். கல் இரும்பில் உரசும். சிறு கிண்ணத்தில் வைத்த மருந்து புஸ்ஸென்று புகையும். ஒரு நொடி கழித்துத்தான் வெடி கேட்கும். பெரும்பாலும் கோழி அதற்குள் போயிருக்கும்.

"இந்தத் துவக்கு இருக்கே மல்லி, மொதல்ல யோசிக்கும், பொறவு இருமும், அதுக்கப்புறந்தான் சுடும்" என்று அப்பு சொல்வார். என்னை அவர் தம்பி என்ற பொருளில் மல்லி என்றுதான் கூப்பிடுவார். "அதுக்குள்ள கோழி வீட்டுக்குப் போய் சோறு ஆக்கிரும்."

சுட்டு வந்த அன்றைக்கே துவக்கைக் கழுவவேண்டும். அதைத் தம்பித்துரை எனக்குக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த மருந்தின் கரி ஈரத்தை இழுக்கும். ஒரு நாள் விட்டால் துரு பிடிக்கும். குளியலறைக்குப் பின்னால் நான் வெந்நீர் ஊற்ற, அவர் குழலைச் சாய்த்துப் பிடிப்பார். மறுபக்கத் துளையில் மை போலத் தண்ணீர் வரும். தெளிவாகும்வரை ஊற்றுவோம். பிறகு சணல், பிறகு அடுப்புச் சூடு, பிறகு எண்ணெய். முடிவதற்குள் அவர் கை, மூக்கு, சட்டை எல்லாம் கரியாகிவிடும். கட்டைவிரலைத் துவக்கின் பிடிக்கட்டையிலேயே துடைக்கிற பழக்கம் அவருக்கு. கழுவும்போது அந்தத் தடத்தையும் துடைத்து எடுப்பது என் வேலை.

ஒன்பது மாதம் இப்படிப் போனது. ஜெர்மன் சண்டை தொடங்கி, சுற்றுத் தோட்டங்களிலிருந்து சின்னத்துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். தம்பித்துரையும் பெயர் கொடுத்திருந்தார். ஒரு நாள் பகல் நாங்கள் காட்டிலிருந்து இறங்கி வரும்போது துரை வெளி வாசலில் தந்தியோடு நின்றார். மறுநாள் காலையில் கொழும்பில் இருக்கவேண்டும். இரத்தினபுரிக்குப் போய் ரயில் பிடிக்க ஒரு மணி நேரத்துக்குள் புறப்பட்டாகவேண்டும். அப்பு உடுப்புகளைப் பெட்டியில் திணித்தார். நான் வெந்நீர் வைக்க ஓடினேன். தம்பித்துரை என்னைத் தடுத்து, துவக்கைக் காட்டி, "நான் வந்து கழுவுறது" என்றார். அவருடைய தமிழ் அவ்வளவுதான். கரிக்கையாலேயே என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

துரை அந்தத் துவக்கை அப்படியே எடுத்து ஆணியில் மாட்டினார். பெட்டியைக் கீழே தட்டில் வைத்தார். இந்தச் சுவரில் தூசி தட்டவேண்டாம், யாரும் தொடவேண்டாம் என்று அப்புவிடம் சொன்னார். அப்பு எனக்குச் சொன்னார்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் போனது. மாலையில் நான் விளக்குத் துடைக்க ஆபீஸ் அறைக்குப் போகும்போது சில நாள் துரை அந்தச் சுவர் முன்னால் நிற்பார். துவக்கின் கட்டையருகே விரலைக் கொண்டுபோவார், தொடமாட்டார். அங்கே தம்பித்துரையின் கட்டைவிரல் தடம் கரியாக இருந்தது. குடுவையிலும் நாலு விரல் பதிந்திருந்தது. துவக்கு அழுக்காகக் கிடக்கிறதே என்று துரை மனம் சங்கடப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். குழலுக்குள் துரு ஏறுமே என்று எனக்கும் உறுத்தல் இருந்தது. அவர் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

மறுபடியும் ஒரு தந்தி வந்தது. துரை படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் விடியலில் வழக்கம்போலப் பெரட்டுக்குப் போய் ஆட்களை வேலைக்குப் பிரித்தார். அப்பு சமையலறையில் உட்கார்ந்து அழுதார். தம்பித்துரை சண்டையில் இறந்துபோனார் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் குடியிருந்த லயத்தில் இந்தச் செய்தி எல்லோரையும் குழப்பியது. பிணம் இல்லை, தப்பு மேளம் இல்லை, நெருப்பு இல்லை. துரை ஒரு நாள்கூட வீட்டில் தங்கவில்லை. சாவு வீடு மாதிரியே இல்லையே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். என் சம்சாரம் தம்பித்துரை தொப்பி கழற்றி மரியாதை செய்த பெண்களில் ஒருத்தி.

"அந்தப் புள்ளைக்கு யாருங்க செய்யிறது?" என்றாள்.

அவங்க வழக்கம் வேற என்று நான் சொன்னேன்.

"வழக்கம் வேறன்னா சாவும் வேறயா?"

எங்களில் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் வீட்டை மெழுகி, பாத்திரம் பண்டமெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, இறந்தவர் புழங்கிய சாமான்களைக் கழுவிவிடுவோம். அழுக்கோடு வைத்திருந்தால் போனவருக்கு வழி கிடைக்காது. தூரத்தில் இறந்து நாள் தெரியாவிட்டால் செய்தி கேட்ட நாளிலிருந்து எண்ணவேண்டும். அவள் எண்ணினாள். அவள் எண்ணத் தொடங்கியதும் நானும் எண்ணினேன். எனக்குத் தோன்றியதெல்லாம் அந்தத் துவக்குத்தான். நான் வந்து கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் இனி வரமாட்டார். அவர் மிச்சம் வைத்த வேலையை, பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிய நான் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது? தொடாதே என்ற கட்டளை அவர் வரும்வரைக்குத்தான் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் துரை இரத்தினபுரிக்குப் போயிருந்தார். அப்பு பிக்குகளுக்குத் தானம் கொடுக்கத் தம் ஊருக்குப் போயிருந்தார், தம்பித்துரை பேரில்தான். நான் தலை முழுகிவிட்டு வந்து துவக்கை இறக்கினேன். சம்சாரம் புளியும் அடுப்புச் சாம்பலும் ஒரு சிரட்டையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

தம்பித்துரை சொல்லிக் கொடுத்த மாதிரியே செய்தேன். வெந்நீர் ஊற்றினேன். கறுப்பாக வந்தது. பிறகு சிவப்பாக வந்தது, துரு. எட்டுக் கெண்டி ஊற்றிய பிறகுதான் தெளிந்தது. கோலில் அவர் சுற்றிய பழைய சணலை அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதிது சுற்றினேன். கட்டையில் இருந்த விரல் தடத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். குடுவையைப் புளி போட்டுத் துலக்கினேன். கோயில் விளக்கு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பளபளப்பில் எனக்கு உற்சாகம் வந்து குழலையும் தேய்த்தேன். வெளியே பழுப்பாக இருந்த குழல் சாம்பலில் வெளுத்துக்கொண்டே வந்தது. அது செய்தவர்களே ஏற்றிய நிறம் என்று எனக்குத் தெரியாது. நூறு வருடத்து அழுக்கு என்று நினைத்தேன். கை வலிக்கத் தேய்த்தேன். இடையில் ஒருமுறை அழுதேன். முடிந்ததும் மனம் லேசாக இருந்தது. எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, கழுவிய தண்ணீர் போன இடத்தில் ஒரு செம்பு நல்ல தண்ணீரும் ஊற்றினேன்.

மறுநாள் பகல் துரை வந்தார். தொப்பியோடு ஆபீஸ் அறைக்குள் போனார். அவர் நடக்கும் சத்தம் நின்றது. பிறகு என்னைக் கூப்பிட்டார். அப்பு இன்னும் வந்து சேரவில்லை.

நான் போனபோது துவக்கு அவர் கையில் இருந்தது. குழல் வாயை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். பிறகு கட்டையைத் திருப்பிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் தேடினார்.

"யாரு?" என்றார்.

"நாந்தாங்க."

"ஏன்?"

பதினாறு என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. எங்கள் வழக்கத்தைத் துரைக்குச் சொல்வது எப்படி, எங்கே தொடங்குவது என்று யோசித்தேன். அவர் காத்திருந்தார். கடைசியில் வந்தது இதுதான்:

"அழுக்கா இருந்திச்சுங்க."

துரை அந்தச் சொல்லை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். "அழுக்கு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து துவக்கை மடியில் வைத்துக்கொண்டார். நானாகத்தான் வெளியே வந்தேன்.

அப்பு வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அனே மல்லி, அந்தக் கரிதான் தொரைக்கு மிச்சம் இருந்தது. மண்ணுகூடக் கிடைக்கல்ல. அந்தப் புள்ள கை வச்ச இடம் அது ஒண்ணுதான்."

நான் பதினாறாம் நாள் விஷயத்தைச் சொன்னேன். அதைத் துரையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எறிந்த சணலாவது கிடைக்குமா என்று அன்று சாயங்காலம் குளியலறைக்குப் பின்னால் தேடினேன். மழை பெய்து எல்லாம் ஓடைக்குப் போயிருந்தது.

அப்பு தம் போக்கில் துரையிடம் சொல்லியிருக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து, பெரட்டு முடிந்து வந்த காலையில், துரை வராந்தாவில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். முன்னால் இருந்த முக்காலியைக் காட்டினார். துரை முன்னால் நான் எப்படி உட்காருவது? நின்றேன். அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை.

"கடைசி நாள் காட்டுக்கு நீ கூடப் போனது" என்றார். "என்ன நடந்திச்சு? எல்லாம் சொல்லு."

அவர் குரல் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. கட்டளை இடுகிற குரல் இல்லை. கேட்கிற குரல்.

"ரெண்டு கோழி சுட்டாருங்க" என்றேன்.

"ம். பொறகு?"

"பொறகு வந்துட்டோமுங்க."

அவர் காத்திருந்தார். சொல்ல எனக்கு அவ்வளவு இருந்தது. முதல் கோழிக்குத் தீக்கல் பொறி தட்டாமல் மூன்று முறை ஏமாற்றியது. தம்பித்துரை அதைக் கழற்றி ஓரத்தைத் தட்டிக் கூராக்கும்போது விரலை வெட்டிக்கொண்டது. இரத்தத்தைச் சப்பிக்கொண்டே சிரித்தது. சுட்ட கோழியின் இறகு ஒன்றை என் தலைப்பாகையில் செருகி, கங்காணி என்று சலாம் போட்டது. நான் கட்டிக்கொண்டு போன ரொட்டியில் பாதி வாங்கித் தின்றுவிட்டு, மிளகாய்ச் சம்பலுக்குக் கண்ணீர் விட்டது. அதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தபோது அவர் என்னிடம், மூத்தவனைத் தமிழில் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். நான் சொன்னேன். இறங்கி வருகிற வழியெல்லாம் அதையே சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். "அண்ணே, அண்ணே" என்று கோழிக்குச் சொன்னார், மரத்துக்குச் சொன்னார். பங்களாவுக்குப் போனதும் துரையை அப்படிக் கூப்பிடப் போகிறேன், அவர் முகத்தைப் பார் என்றார். வாசலில் தந்தி நின்றது. அவர் கூப்பிடவில்லை.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் துரையின் முகத்துக்கு நேரே நின்று, நான் அண்ணே என்று சொல்வதா? அது நான் அவரை அழைத்ததுபோல ஆகிவிடாதா? இப்படியே உள்ளுக்குள் மல்லாடிக்கொண்டு நின்றேன். வராந்தாக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துரை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"சரி, போ" என்றார்.

அதன் பிறகு அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை. வெளுத்த குழலில் மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்தது. நான் தொடவில்லை. துரையும் அந்தச் சுவர் முன்னால் நிற்பதை விட்டுவிட்டார்.

சண்டை முடிந்து சில வருடம் கழித்து அவர் தோட்டத்தை விட்டுப் போனார். துவக்கையும் பெட்டியையும் மற்றச் சாமான்களோடு அப்புதான் கட்டினார். எல்லோரும் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது பழத்தைக் கொடுத்தேன். துரை என் கையைச் சற்று அதிக நேரம் பிடித்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. பின்னால் நின்றவர்கள் தள்ள, நகர்ந்துவிட்டேன்.

எழுதி அனுப்பலாம் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்த என் தமிழ் எழுத்தைத் துரையால் படிக்க முடியாது. இங்கிலீஷில் எழுத ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம்தான் போகவேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர். அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டு மூன்று முறை அவர் வாசல்வரைக்கும் போனேன். மூன்று முறையும் உள்ளே யாரோ இருந்தார்கள். யாரும் இல்லாத நாளிலும் யாரோ இருப்பதாக எனக்குத் தோன்றியது. இப்படியே வருடங்கள் போயின. என் சம்சாரம்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்த ஒங்களுது இல்லீங்க. அது அவங்களோடது. குடுத்துட்டு வாங்க."

நாலாம் முறை உள்ளே போய்விட்டேன். கிளாக்கர் ஐயா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன, ஏதும் அலுவலோ?"

பழைய துரையின் விலாசம் வேண்டும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உமக்குத் தெரியாதே? அவர் காலமாயிட்டார் எல்லோ. போன மாசம் கடிதம் வந்தது." பிறகு, நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, "ஏன், என்ன எழுத வேணும் எண்டு வந்தனீர்?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "சும்மா, சொகமா இருக்காங்களான்னு கேக்கத்தான்."

அவர் மறுபடி பேனாவை எடுத்தார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.